கை காலியாக இருக்கட்டும்

அத்தியாயம் 17

போன வாரம் நாம் அந்த வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தபோது உள்ளே மூன்று பெண்கள் இருந்தார்கள். மாமியார் அப்போதுதான் ரத்தம் கொடுத்துவிட்டு, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூத்த மருமகள் மதியச் சாப்பாட்டு டப்பாவுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தாள். இளைய மருமகள் கூடத்தின் நடுவே கண்ணை மூடி நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

இளையவள் மூச்சு விட்டு முடிக்கும்வரை அந்த வீட்டில் யாரும் குழாயைத் திறக்கக் கூடாது, பாத்திரத்தை உருட்டக் கூடாது. இரண்டு மாதமாக இதுதான் சட்டம். மூடி கிடைத்தும் அதை அழுத்தி மூட முடியாமல் மூத்தவள் ஒரு நிமிடம் நின்றாள். பஸ் மட்டும் நிற்காமல் போய்விட்டது.

இளையவளைக் கேலி செய்து எழுதுவது எனக்குச் சுலபம். ஆனால் தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு அவள் கதை தெரியும். ஆறு மாதம் வயிற்றில் இருந்ததை இழந்துவிட்டு, ஒரு வருடம் அவள் தன் அறையை விட்டு வெளியே வரவில்லை. கதவு சாத்தியே இருந்தது. அவள் கணவன் வாசலோடு பேசிப் பார்த்து ஓய்ந்துபோனான். மூத்தவள்தான் வேளாவேளைக்குத் தட்டைக் கதவருகே வைத்து, பாதி தின்ற தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த ஒரு வருடத்தில் இளையவளுக்குக் கைகொடுத்தது போனில் கேட்ட ஏதோ ஒரு குரல். ஒரு நிமிடம் நில், மூச்சைக் கவனி, இந்தக் கணத்தில் மட்டும் இரு என்று அது சொன்னது. அவள் இருந்தாள். பிறகு கதவைத் திறந்தாள். பிறகு அதையே படித்துச் சான்றிதழும் வாங்கினாள். மூத்தவள் தான் ஒன்பது வருடமாக வேலை செய்யும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சொல்லிவைத்து, இளையவளுக்கு ஊழியர் நலன் பிரிவில் ஒரு வேலையும் வாங்கிக் கொடுத்தாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று இதைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

வந்த இரண்டாவது வாரமே இளையவள் மணியைக் கொண்டுவந்துவிட்டாள். காலை பதினொன்று, பிற்பகல் மூன்று, மாலை ஐந்து. மேல்கூரை ஒலிபெருக்கியில் மணி ஒலிக்கும். அதைத் தொடர்ந்து அவள் பதிந்துவைத்த குரல் வரும்: “கை காலியாக இருக்கட்டும். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இந்த ஒரு நிமிடம் உங்களுடையது.” நிர்வாகத்துக்கு யோசனை பிடித்துப்போனது. ஊழியர்களுக்கு மூன்று நிமிடம் கொடுத்தாயிற்று என்று, அதுவரை இருந்த பத்து நிமிட டீ இடைவேளையை எடுத்துவிட்டார்கள். ஊழியர்கள் அவளுக்கு ‘நிமிஷ மேடம்’ என்று பெயர் வைத்தார்கள். மூத்தவள் காதில் விழும்போது மட்டும் பேச்சை மாற்றிக்கொள்வார்கள்.

இன்று அந்த நிமிஷ மேடத்துக்குப் பரீட்சை. மாலை ஐந்து மணி நிமிடத்தைப் பார்க்க நிர்வாக இயக்குநரே வருகிறார். அவருக்குத் திருப்தி என்றால் வேலை நிரந்தரம், மற்றக் கிளைகளுக்கும் மணி போகும். இல்லையென்றால் இரண்டு மாதத்தோடு சரி, வீட்டுக்குப் போகலாம். வீட்டில் அந்த அறை இருக்கிறது.

மூத்தவளுக்கும் இன்று பரீட்சைதான். மூன்று மாதமாக மாமியாருக்குக் காலில் வீக்கம், நாக்கில் ருசி இல்லை. சிறுநீரகத்தில் கோளாறு இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட டாக்டர், கிரியாட்டினின் பார்க்கச் சொன்னார். எண் ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் பயமில்லை, ஐந்தைத் தாண்டினால் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். காலையில் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்த ஆள், குழாயை மூத்தவள் வேலை செய்யும் இடத்துக்கே கொண்டுபோனார்.

அங்கே மூத்தவளின் மேசை முக்கியமான மேசை. ரத்தம் அடைத்த கண்ணாடிக் குழாய்கள் ஒவ்வொன்றும் தன்மேல் ஒரு சீட்டைச் சுற்றி, ரப்பர் போட்டுக்கொண்டு வரும். சீட்டைக் கழற்றி, எண்ணைக் கணினியில் தட்டி, சீட்டைக் கம்பியில் குத்திவிட்டு, மெஷின் துப்பும் ஸ்டிக்கரைக் குழாயில் ஒட்ட வேண்டும். சீட்டு போய் ஸ்டிக்கர் வருவதற்கு நடுவில் அந்தக் குழாய்க்குப் பெயர் கிடையாது. யார் ரத்தம் என்று கடவுளுக்கும் மூத்தவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

மெஷின் பழசு. ஸ்டிக்கரை இரண்டிரண்டாகத்தான் துப்பும். ஒவ்வொன்றாக ஒட்டு என்று விதிப் புத்தகம் சொல்கிறது. காலையில் நானூறு குழாய் வரும் இடத்தில் அந்தப் புத்தகத்தை எழுதினவர் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கலாம். மூத்தவள் தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தாள். முதல் குழாய் இடது கையில், அடுத்தது வலது கையில். மேல் ஸ்டிக்கர் இடதுக்கு, கீழ் ஸ்டிக்கர் வலதுக்கு. ஒட்டும்வரை குழாயைக் கீழே வைக்கவே மாட்டாள். தும்மல் வந்தால்கூட இரண்டு கையிலும் குழாயைப் பிடித்தபடி தோளில் தும்மிக்கொள்வாள். ஒன்பது வருடத்தில் ஒன்றும் மாறியதில்லை.

பதினொரு மணிக்கு அவள் இடது கையில் இருந்தது மாமியாரின் ரத்தம். சீட்டைக் கழற்றியபோதே மனசுக்குள் ஒரு வார்த்தை வேண்டிக்கொண்டாள். வலது கையில் யாரோ ஒரு நீச்சல் பயிற்சியாளரின் ரத்தம், புது வேலையில் சேர உடல் தகுதிச் சான்றுக்காக வந்தது. மெஷின் கரகரவென்று இரண்டு ஸ்டிக்கரையும் தள்ளிக்கொண்டிருந்தது. மணி ஒலித்தது.

இளையவள் ரப்பர் செருப்பில் சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்கா, கை.”

“இந்த ரெண்டை மட்டும் ஒட்டிட்டு வெச்சிடறேன்.”

“நீங்களே கேக்கலைன்னா மத்தவங்க எப்படிக்கா கேப்பாங்க?”

நியாயமான கேள்விதான். சுற்றிலும் பதினைந்து பேர் கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்துவைத்திருந்தார்கள். மூத்தவள் இரண்டு குழாயையும் மேசையில் இருந்த சின்னத் தாங்கியில் வைத்தாள். இடது கையில் இருந்தது இடது துளையில், வலது கையில் இருந்தது வலது துளையில். கண்ணை மூடினாள். அந்த ஒரு நிமிடமும் அவள் போய்விட்ட பஸ்ஸைப் பற்றித்தான் நினைத்தாள், அதில் ஒளிவுமறைவு எதற்கு. மறுபடி மணி ஒலித்ததும் இடது துளையில் இருந்ததை இடது கையால் எடுத்தாள், வலது துளையில் இருந்ததை வலது கையால் எடுத்தாள், ஒட்டினாள், அடுத்த சீட்டைக் கழற்றினாள்.

ஒன்றரை மணிக்கு மாமியார் போனுக்கு ரிசல்ட் வந்துவிட்டது. புள்ளி ஒன்பது.

மாமியார் முப்பது வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். ஆயிரம் சாட்சிகளின் வாக்குமூலத்தை அடித்த விரல்கள். எதையும் எழுத்தில் பார்த்தால்தான் நம்புவார், பார்த்த பிறகு யார் சொன்னாலும் மாற மாட்டார். வேலை நேரத்தில் ஒருநாளும் கூப்பிடாதவர் அன்று மூத்தவளைக் கூப்பிட்டு, ரிசல்ட்டை எண் பிசகாமல் வாசித்துக் காட்டினார். இனி ஆறு மாதத்துக்குத் தன்னை யாரும் டாக்டரிடம் இழுக்கக் கூடாது என்றும் தீர்ப்பு சொன்னார். இளையவள் நடைபாதையில் ஓடிவந்து மூத்தவளைக் கட்டிக்கொண்டாள். இருவருமாகச் சேர்ந்து ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். இந்தக் குடும்பத்தை இவ்வளவு சந்தோஷமாக நான் இதுவரை உங்களுக்குக் காட்டியதில்லை. ஒரு மணி நேரம்தான் அது நீடித்தது.

இரண்டே முக்காலுக்கு ஆய்வகப் பொறுப்பாளர் மூத்தவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். நீச்சல் பயிற்சியாளரின் டாக்டர் போனில் சத்தம் போட்டாராம். தினமும் காலையில் குளத்தில் நாற்பது சுற்று நீந்துகிற இருபத்தெட்டு வயதுக்காரனுக்கு கிரியாட்டினின் ஆறு புள்ளி நான்கு என்று எந்த மடையன் போட்டது என்று கேட்டாராம். பொறுப்பாளர் அதே குழாயை ஆய்வு மெஷினில் மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டார். மெஷின் மறுபடியும் ஆறு புள்ளி நான்குதான் சொன்னது. அப்படியானால் குழாயில் இருப்பது அவன் ரத்தம்தானா என்று பார்க்க வேண்டும் என்று சீட்டுகளை எடுத்துவரச் சொன்னார்.

மூத்தவளுக்குச் சீட்டு தேவைப்படவில்லை. அந்தக் குழாயின் எண்ணைப் பார்த்தாள். அதற்கு முந்தைய எண் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். காலையில் வேண்டிக்கொண்டே தட்டிய எண் மறந்துபோகுமா?

இருந்தாலும் மேசைக்கு வந்து கம்பியில் குத்தியிருந்த சீட்டுகளைப் புரட்டினாள். மாமியார் சீட்டும் நீச்சல்காரன் சீட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. சரியாக அந்த நேரம் பார்த்து மூன்று மணிக்கான மணி ஒலித்தது. கை காலியாக இருக்கட்டும் என்றது கூரை.

அவள் கம்பியை மேசையில் வைத்தாள். கண்ணை மூடினாள். இரண்டு மாதத்தில் முதல்முறையாக, அந்த ஒரு நிமிடத்தை இளையவள் சொல்லிக் கொடுத்தபடியே செய்தாள். பஸ்ஸை நினைக்கவில்லை, அடுப்பை நினைக்கவில்லை. தன் இரண்டு கையை மட்டும் பார்த்தாள். இடது கையில் குளிர்ந்த கண்ணாடி, வலது கையில் குளிர்ந்த கண்ணாடி. தாங்கியில் வைக்கிறாள். தாங்கியின் ஒரு மூலை உடைந்திருக்கும். அந்த உடைந்த மூலை எப்போதும் அவள் பக்கம், இடது கைக்கு அருகில் இருக்கும். ஒன்பது வருடமாக அவள் கட்டைவிரல் அதில் உரசும்.

மணி முடிந்து குழாயை எடுத்தபோது விரலில் ஒன்றும் உரசவில்லை. உடைந்த மூலை ஜன்னல் பக்கம் இருந்தது.

இளையவளின் வைத்தியம் பொய் இல்லை என்று அப்போது மூத்தவளுக்குப் புரிந்தது. கவனித்தால் தெரியத்தான் செய்கிறது. தெரிந்துதான் தொலைத்தது.

மாடிப்படித் திருப்பத்தில் இளையவளை நிறுத்தினாள். அங்கே யாரும் வர மாட்டார்கள், பழைய நாற்காலிகள் அடுக்கிக் கிடக்கும். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

“பதினோரு மணிக்கு என் தாங்கியை நீ தொட்டியா?”



“மேசை ஓரத்துல இருந்துச்சுக்கா. விழுந்துடப் போகுதுன்னு உள்ள நகர்த்தி வெச்சேன்.”

“திருப்பி வெச்சியா?”

“பாக்கலை. திரும்பியிருக்கும்.” முகம் வெளுத்துவிட்டது. “அப்போ அத்தைக்குத்தான் ஆறு புள்ளி நாலா? அக்கா, அஞ்சு மணிக்கு அவர் வர்றாரு.”

இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு மூச்சுகூட இல்லை. மூச்சைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள். மூத்தவளுக்கு அது எங்கே பட வேண்டுமோ அங்கே பட்டது.

பொறுப்பாளர் விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறார் என்றாள் மூத்தவள். மணி அடித்ததால் பெயரில்லாத குழாயைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று, கண்ணை மூடியிருந்த நேரத்தில் தாங்கியை இன்னொருவர் நகர்த்தினார், அதனால் மாறியது. நடந்தது இதுதான், இதைத்தான் எழுதப் போகிறேன் என்றாள். இளையவள் மறுக்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“எழுதுங்க. தப்பு என்னோடதுதான். ஆனா இன்னிக்கு அதை எழுதினா நாளைக்கு நான் இங்க வர முடியாது. வீட்டுலதான் இருக்கணும். அந்த ரூமுல. அந்தச் சுவத்துல எத்தனை விரிசல் இருக்குன்னு எனக்கு எண்ணிக்கை தெரியும்க்கா. இன்னொரு தடவை எண்ணினா நான் இருக்க மாட்டேன்.”

அழுது சொல்லியிருந்தால் மூத்தவள் திட்டியிருப்பாள். அவள் அழவில்லை.

முதலில் மாமியாருக்கு மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். மூத்தவள் ஆளை அனுப்பிவிட்டு, மாமியாரைக் கூப்பிட்டாள். ரிசல்ட் மாறிவிட்டது என்று தொடங்கி, எப்படி மாறியது, தாங்கியை யார் தொட்டது என்பதுவரை எல்லாவற்றையும் சொன்னாள். அவரிடம் மறைத்துப் பயனில்லை. குறுக்கு விசாரணை கேட்டே வளர்ந்த காது அது.



“அப்போ அந்த ஆறு புள்ளி நாலு என்னோடது.”

“மறுபடி எடுத்துப் பாத்தாத்தான் தெரியும் அத்தை.”

“எனக்குத் தெரியும். காலு ரெண்டும் மூணு மாசமா அதைத்தான் சொல்லுது. நான்தான் காகிதத்தை நம்பினேன்.” பிறகு குரல் மாறிவிட்டது, அலுவலகக் குரல் வந்தது. “அதை விடு. நீ என்ன எழுதிக் குடுக்கப் போற?”

நடந்ததை எழுதப் போகிறேன் என்றாள் மூத்தவள். அதை எழுதினால் யார் தலை உருளும் என்று மாமியார் கேட்டார். கேட்டுவிட்டு அவரே பதிலும் சொன்னார். சின்னவள் வந்து இரண்டு மாதம்தான், முதல் பழியிலேயே அனுப்பிவிடுவார்கள். மூத்தவள் ஒன்பது வருடம், அவள் இல்லாவிட்டால் அந்த மேசை நகராது, ஒரு வார்த்தை திட்டிவிட்டு விட்டுவிடுவார்கள்.

“அந்த ரூம் கதவு மறுபடி சாத்தக் கூடாது. நான் படுக்கப் போறேன்னு ஆயிடுச்சு. வீட்டுல ரெண்டு பேர் படுத்தா நீ ஒருத்தி என்ன பண்ணுவே? நீ தாங்குவே. எழுதிக்கோ, நான் சொல்றேன்.”

அந்த வீட்டுக்கு வந்து பதினான்கு வருடத்தில் மூத்தவளுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு ‘நீ தாங்குவே’ என்பதுதான். தாங்கும் என்று தெரிந்த தலையில்தானே இன்னொரு மூட்டையை ஏற்றுவார்கள். கணவன் வெளியூரில் பாலம் கட்டும் வேலையில் இருக்கிறான், மாதம் ஒருமுறை வந்து அவனும் இதையே சொல்லிவிட்டுப் போவான்.

அவள் காகிதத்தை எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று என்னைக் கேட்டு நீங்கள் கடிதம் எழுதுவீர்கள். ஒரு வருடம் பாதி தின்ற தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனவள் அவள். மறுபடி அந்தக் கதவின் முன்னால் குனிந்து தட்டு வைக்க அவளுக்குத் தெம்பு இல்லை. இதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்.

மாமியார் தட்டச்சுக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இன்று முற்பகல் பதினொரு மணியளவில் நான் பணியில் இருந்தபோது, எனது கவனக்குறைவின் காரணமாக, இரண்டு மாதிரிகளின் ஸ்டிக்கர்கள் மாற்றி ஒட்டப்பட்டுவிட்டன. இதற்கு நான் ஒருத்தியே முழுப் பொறுப்பு.

‘கவனக்குறைவு’ என்ற சொல்லுக்கு வந்ததும் மூத்தவளின் பேனா நின்றது. அந்த மேசையில் ஒன்பது வருடம் அவள் கொட்டியது கவனத்தைத் தவிர வேறென்ன? கண்ணைத் திறந்துகொண்டு செய்ததால் அதற்குச் சான்றிதழ் கிடையாது போலிருக்கிறது.

“அத்தை, இந்தத் தப்பை நான் பண்ணியிருந்தா, இதே மாதிரி அவளை எழுதிக் குடுக்கச் சொல்லியிருப்பீங்களா?”

மாமியார் அடுத்துக் கேட்டது வேறு.

“‘காரணமாக’வுக்கு அப்புறம் கமா போட்டியா?”

போட்டாள்.

போனை வைக்கும் முன் மாமியார் ஒன்று சேர்த்துச் சொன்னார். ரத்தம் எடுக்கும் ஆள் வாசலுக்கு வந்துவிட்டான், இந்தத் தடவை ரிசல்ட் தன் போனுக்கு வர வேண்டாம், மூத்தவள் போனுக்கே வரட்டும். “நீ படிச்சிட்டுச் சொல்லு. இனிமே காகிதத்தை நம்பறதா இல்லை.” குரல் கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தது.

பொறுப்பாளர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மணி எத்தனை மணிக்கு ஒலிக்கும் என்பது அவருக்கும் தெரியும். பதினொரு மணி என்று எழுதியிருந்த இடத்தில் அவர் விரல் ஒரு நொடி நின்றது. நிஜமாகவே இதுதான் நடந்ததா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதி. ஸ்டிக்கர் மெஷின் பழசு என்பதையும், இரண்டிரண்டாக ஒட்டுவதைத் தான் ஒன்பது வருடம் கண்டும் காணாமல் இருந்ததையும் இனி யாரும் கேட்க மாட்டார்கள்.

கடிதம் இயக்குநர் அலுவலகத்துக்குப் போய் அரை மணியில் பதில் வந்தது. ஒரு வார்த்தை திட்டுவதோடு விட்டுவிடுவார்கள் என்று மாமியார் போட்ட கணக்கு தப்பிப்போனது. கவனக்குறைவு என்று ஊழியரே ஒப்புக்கொண்டால் அதற்கு ஒரு விதி இருக்கிறது. மறு உத்தரவு வரும்வரை அந்த மேசையில் உட்காரக் கூடாது. ஆய்வு முடிந்த பழைய குழாய்களைச் சிவப்புப் பையில் போட்டுக் கட்டும் இடத்துக்கு மாற்றம். அத்தோடு பத்து நாள் கவனப் பயிற்சி, இன்று மாலை ஐந்து மணியிலிருந்தே. பயிற்சி நடத்துபவர் பெயருக்கு எதிரே இளையவளின் கையெழுத்து இருந்தது. அந்தத் தாளில் அவள் கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும், அது அவள் வேலை.

மூத்தவள் மேசையைக் காலி செய்தாள். எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை, ஒரு தண்ணீர்ப் பாட்டில், ஒரு கைக்குட்டை. உடைந்த மூலையுள்ள தாங்கியைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்தாள். இனி அங்கே உட்காரப் போகிறவளுக்கு அது எந்தப் பக்கம் இருந்தால் என்ன?

நாலே முக்காலுக்கு எல்லோரையும் கூடத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். இயக்குநர் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தார், நரைத்த மீசை, விலை உயர்ந்த காலணி. பயிற்சிக்கு வந்தவர்கள் முன்வரிசை என்பதால் மூத்தவள் முதல் ஆளாக நின்றாள். அவளுக்கும் இளையவளுக்கும் நடுவில் ஒரு கை தூரம்தான். இளையவள் முகம் கழுவி, தலையைப் படிய வாரியிருந்தாள். மூத்தவளைப் பார்க்காமல் அவள் தோளுக்கு மேலே பார்த்துப் பேசினாள். நன்றாகவே பேசினாள். அவசரத்தில் செய்கிற வேலையில்தான் தவறு நேர்கிறது, ஒரு நிமிடம் நின்றால் தவறு குறைகிறது என்றாள்.

ஐந்து மணி. மணி ஒலித்தது.

“கை காலியா இருக்கட்டும்,” என்றாள் இளையவள். பதிவுக் குரல் வேண்டாம் என்று இன்று நேரிலேயே சொன்னாள்.

இருபது பேர் கண்ணை மூடினார்கள். இயக்குநரும் மூடினார். மூத்தவள் மூடவில்லை.

அவள் கோட்டுப் பையில் போன் நடுங்கியது. ஒரு முறை, சின்ன இடைவெளி விட்டு இன்னொரு முறை. ஆய்வகத்திலிருந்து ரிசல்ட் வந்தால் அப்படித்தான் நடுங்கும். வெள்ளைத் துணி வழியாகத் திரையின் வெளிச்சம் தெரிந்தது.

இளையவளும் அதைப் பார்த்துவிட்டாள். அவள் கையில் சின்னக் கைமணி இருந்தது. அதை ஒருமுறை தட்டினால் நிமிடம் முடிந்துவிடும். தட்டுவாள் என்று மூத்தவள் நினைத்தாள், அவளைப் பார்த்தபடியே நின்றாள். இளையவளின் பார்வை பின்னால் இருந்த நாற்காலிக்குப் போனது, அங்கிருந்து சுவர்க் கடிகாரத்துக்குப் போனது.

“இன்னும் நாப்பது வினாடி இருக்கு,” என்றாள் மெதுவாக. “எங்கேயும் போக வேண்டாம். எதையும் எடுக்க வேண்டாம். இங்கேயே இருங்க.”

மூத்தவள் இருந்தாள். நாற்பது வினாடியையும் ஒவ்வொன்றாக இருந்து பார்த்தாள். இரண்டு கையும் காலியாகத் தொங்கின. பையில் வெளிச்சம் அணைந்தது.

கைமணி ஒலித்தது. எல்லோரும் கண்ணைத் திறந்து பெருமூச்சு விட்டார்கள். இயக்குநர் கைதட்டினார், அவர் தட்டியதால் மற்றவர்களும் தட்டினார்கள். அவர் எழுந்து இளையவளை நோக்கி வர, நடுவில் பொறுப்பாளர் ஏதோ சொல்லி நிறுத்தினார். அந்தச் சந்தில் இளையவள் ஓரடி முன்னால் வந்தாள்.

“அத்தை ரிசல்ட்டாக்கா? எவ்வளவு?”

மூத்தவள் போனை எடுத்தாள். திரையைப் பார்க்கவில்லை. இளையவளின் கையிலிருந்து மணியை வாங்கிக்கொண்டு, அந்தக் கையில் போனை வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

“நீயே படி. படிச்சிட்டு அத்தைக்கும் நீயே போன் பண்ணிச் சொல்லு. நான் கவனக்குறைவான ஆளு. எழுதிக் குடுத்திருக்கேன்.”

இளையவள் திரையைப் பார்த்தாள். இயக்குநர் சிரித்த முகத்தோடு கையை நீட்டியபடி பக்கத்தில் வந்துவிட்டார். அந்தக் கையை அவள் கவனிக்கவில்லை. உட்கார ஒரு நாற்காலியைத் தேடினாள்.